பரிசோதித்தவர்களை எண்ணுகிறோம், குணமானவர்களை எண்ணுவது எப்போது? கருப்பைவாய்ப் புற்றுநோய் குறித்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலர், பொது சுகாதாரத் துறை இயக்குநர், மாவட்டச் சுகாதார அலுவலர்கள்

பொருள்: கருப்பைவாய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் சிகிச்சை முடிந்ததா என்று கணக்கு வைத்து, அதை மாவட்ட வாரியாக வெளியிடக் கோருதல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கிராமத்திலேயே, செவிலியர் கையாலேயே தடுக்க முடியும் என்பதை எண்ணிக்கையோடு நிரூபித்த ஊர்களில் முதன்மையானது நம் திண்டுக்கல் மாவட்டம். டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில், பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக சுகாதார மையத்தவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முடிவுகள் 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. 30 முதல் 59 வயதுள்ள பெண்கள். 114 கிராமத் தொகுதிகள். அவற்றில் 57-இல் பரிசோதனை, மற்ற 57-இல் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். ஒரே ஒரு முறை பரிசோதித்ததிலேயே அந்தக் கிராமங்களில் நோய் வருவது 25 சதவீதமும், இந்நோயால் இறப்பது 35 சதவீதமும் குறைந்தன.

இதைத் துறையில் அறியாதவர் இல்லை. பயிற்சி வகுப்புகளில் முதல் பாடமே இதுதான். ஆனால் அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொண்டது பாதிதான் என்பது எங்கள் கருத்து. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் வி.ஐ.ஏ. முறையை எடுத்துக்கொண்டோம். வெள்ளைத் திட்டு தெரிந்த பெண்ணை வீட்டுக்கு அனுப்பாமல், அதே வருகையில், அதே செவிலியர் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, சதைத்துணுக்கு எடுத்து, தகுதி இருந்தால் திட்டை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையும் கொடுத்து அனுப்பினார்களே, அதை விட்டுவிட்டோம். இறப்பைக் குறைத்தது அந்த இரண்டாவது பாதி. வினிகர் யாரையும் குணப்படுத்துவதில்லை.

அந்த ஆய்வின் எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு உரிய 49,311 பெண்களில் வந்தவர்கள் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதம். அவர்களில் 3,088 பேருக்குப் பாசிட்டிவ். ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. புற்றுக்கு முந்தைய நிலை கண்டறியப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதம். ஆய்வுக்கென்றே ஆட்கள், ஆய்வுக்கென்றே வண்டி, அதே நாளில் சிகிச்சை என்று எல்லா ஏற்பாடும் இருந்த இடத்திலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்கு வரவில்லை. அப்படியிருக்க, ரெஃபரல் சீட்டு எழுதிக் கொடுத்து "வியாழக்கிழமை ஜி.எச். போங்க" என்று சொல்லும் இடத்தில் எத்தனை பேர் போவார்கள்? ஒரு நாள் கூலி போகும், இரண்டு பஸ் மாற வேண்டும், கூட வர ஆள் வேண்டும், கணவரிடம் காரணம் சொல்ல வேண்டும். உடம்பில் வலியோ இரத்தப்போக்கோ எதுவும் இல்லாதபோது போகத் தோன்றாது. புற்றுக்கு முந்தைய நிலைக்கு அறிகுறியே கிடையாது என்பதுதான் இந்த நோயின் சூது.

2007-இல் உலக வங்கி உதவியுடனான சுகாதார மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரித்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 2023 நவம்பரில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்பிதழ் கொடுக்கும் புற்றுநோய்ப் பரிசோதனையும் தொடங்கியது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒரு முறையாவது கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்தியாவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டிலேயே நாம் வெகுதூரம் முன்னால் நிற்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வைத்த இலக்கோ 70 சதவீதம், அதுவும் 35 வயதுக்குள் ஒரு முறை, 45-க்குள் இன்னொரு முறை, அதுவும் உயர்திறன் சோதனையால். அதே இலக்கில் இன்னொரு எண் இருக்கிறது. நோய் கண்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. இந்த இரண்டாம் எண்ணைத்தான் மாவட்ட மறுஆய்வுக் கூட்டங்களில் முதல் வரியாக வைக்கச் சொல்கிறோம்.

இனி, களத்தில் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

வி.ஐ.ஏ. சோதனை எளிது என்று சொல்லிச் சொல்லியே அதை அலட்சியமாக்கிவிட்டோம். 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் ஊற்றினால் 5 சதவீதக் கரைசல். நீரை முதலில் அளந்து வைத்து அதில் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குத் தயாரித்து, பாட்டிலில் தேதி எழுதி, மாலையில் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒரு வாரம் திறந்து மூடிய பாட்டிலில் அமிலம் ஆவியாகி வலுவிழக்கும், திட்டு வெளுக்காது, நோய் இருக்கும் பெண்ணுக்கு "நார்மல்" என்று சீட்டு போகும். இதற்கு நேர்மாறான ஆபத்து, நீர் கலக்காத அமில பாட்டிலும் கரைசல் பாட்டிலும் ஒரே அலமாரியில் இருப்பது. கை மாறினால் கருப்பைவாய் வெந்துபோகும். நீர் கலக்காத பாட்டிலைப் பரிசோதனை அறைக்குள் கொண்டுவரவே கூடாது என்று ஒரு வரி உத்தரவு போதும்.

கரைசலில் நனைத்த பஞ்சைக் கருப்பைவாயில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம். முகாமில் நாற்பது பேர் வரிசையில் நிற்கும்போது அந்த ஒரு நிமிடம் இருபது நொடியாகச் சுருங்குகிறது. பாசிட்டிவ் என்பது அடர்ந்த, ஓரம் தெளிவான, உள்தோலும் வெளித்தோலும் சேரும் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும் வெள்ளை. மங்கலாக, ஓரமில்லாமல், அங்கங்கே சிதறி, சீக்கிரம் மறைந்துவிடும் வெள்ளை பெரும்பாலும் வீக்கமோ புதுத்தோல் வளர்ச்சியோதான். இந்த வேறுபாட்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க முடியாது. நேராக விழும் நல்ல ஃபோகஸ் விளக்கு வேண்டும். மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி வேண்டும்.

கருப்பைவாயைப் பார்க்கப் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் கருவியின் கணக்கையும் யாரும் கேட்பதில்லை. பயன்படுத்திய ஸ்பெகுலத்தை 0.5 சதவீத குளோரின் கரைசலில் 10 நிமிடம் ஊறவைத்து, தேய்த்துக் கழுவி, பிறகு ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். அதற்கு வழியில்லாத இடத்தில் 20 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். நிலையத்தில் பத்து ஸ்பெகுலமே இருந்தால் காலையில் பத்துப் பேரைத்தான் பார்க்க முடியும். இலக்கு நாற்பது என்று மேலிருந்து வந்தால் கீழே எது சுருக்கப்படும் என்பதைத் துறை யோசிக்க வேண்டும்.

தரத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. திண்டுக்கல்லில் பாசிட்டிவ் நூற்றுக்குப் பத்து. ஒரு நிலையத்தில் ஆயிரம் பேரைப் பார்த்து ஐந்து பேருக்குத்தான் பாசிட்டிவ் என்றால் அந்த ஊர்ப் பெண்களெல்லாம் ஆரோக்கியம் என்று பொருளல்ல. கரைசலோ, விளக்கோ, நேரமோ, கண்ணோ ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. நூற்றுக்கு முப்பது என்றால் ஒவ்வொரு வீக்கத்தையும் பாசிட்டிவ் என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அந்தச் செவிலியருக்கு மறுபயிற்சி, குறை சொல்லாமல். மாதம் ஒருமுறை மாவட்ட அளவில் இந்த விகிதத்தை நிலைய வாரியாகப் பார்த்தால் போதும்.

50 வயதைத் தாண்டியவர்களுக்கு வி.ஐ.ஏ. பெரும்பாலும் பயன்படாது. மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய கோடு கருப்பைவாயின் உட்கால்வாய்க்குள் ஏறிவிடும். கண்ணுக்கே தெரியாத இடத்தைப் பார்த்து நார்மல் என்று எழுதுவது பொய்யான நிம்மதி. திண்டுக்கல் ஆய்விலும் அதிகப் பயன் கிடைத்தது 30 முதல் 39 வயதினருக்குத்தான். வயதானவர்களே ஆஸ்பத்திரிக்கு எளிதாக வருகிறார்கள் என்பதற்காக அவர்களை வைத்தே எண்ணிக்கையை நிரப்பும் பழக்கம் இதனால்தான் கவலையளிக்கிறது.

இந்நோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டறியும் எச்.பி.வி. சோதனைக்கு மாற வேண்டும் என்ற எங்கள் இரண்டாவது கோரிக்கை இங்கிருந்து பிறக்கிறது. சங்கரநாராயணன் குழுவே மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில், இன்றைய தாராசிவில், 52 கிராமத் தொகுதிகளில் 1,31,746 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. எச்.பி.வி. சோதனை, கருப்பைவாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர், வி.ஐ.ஏ., வழக்கமான கவனிப்பு என நான்கு பிரிவுகள். எச்.பி.வி. சோதனை ஒரே முறை செய்த பிரிவில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்புகள் 34. ஒப்பீட்டுப் பிரிவில் 64. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவை 39-க்கு 82. பாப் ஸ்மியரும் வி.ஐ.ஏ.வும் அங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. திண்டுக்கல்லில் பலன் தந்த அதே வி.ஐ.ஏ. அங்கே தரவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அங்கே வி.ஐ.ஏ. பாசிட்டிவ் விகிதம் 13.9 சதவீதம், திண்டுக்கல்லில் 9.9. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனைக் குழு சுகாதாரப் பணியாளர்களை வைத்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாக நான்கு சுற்று வி.ஐ.ஏ. செய்தபோது இறப்பு 31 சதவீதம் குறைந்தது. கண்ணை நம்பும் சோதனை ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். இயந்திரத்தை நம்பும் சோதனை அவ்வளவு மாறாது. உஸ்மானாபாத்தில் எச்.பி.வி. நெகட்டிவ் வந்த பெண்களிடையே பின்னாளில் புற்றுநோய் ஒரு லட்சத்துக்கு 3.7, வி.ஐ.ஏ. நெகட்டிவ் வந்தவர்களிடையே 16. எச்.பி.வி. நெகட்டிவ் என்றால் ஐந்து முதல் பத்தாண்டு வரை நிம்மதியாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட எண்களே இருக்கின்றன.

எச்.பி.வி. சோதனைக்கு மாதிரியை அந்தப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம். கட்டிலில் படுக்க வேண்டாம், ஸ்பெகுலம் வேண்டாம், முன்பின் தெரியாதவர் முன் சேலையை உயர்த்த வேண்டாம். பரிசோதனைக்கு வராத பெண்களிடம் காரணம் கேட்டால் கூச்சம் என்பது முன்வரிசையில் நிற்கும். செய்முறை இவ்வளவுதான்: கையைச் சோப்பால் கழுவ வேண்டும், மென்மையான தூரிகையையோ பஞ்சுக் குச்சியையோ பிறப்புறுப்புக்குள் தடை தட்டும் வரை மெல்லச் செலுத்தி, கிட்டில் சொன்ன அளவு சுற்றி எடுத்து, குழாயில் போட்டு மூட வேண்டும். தீட்டு நாட்களில் எடுக்கக் கூடாது. தவறு பெரும்பாலும் எடுப்பதில் நடப்பதில்லை, பெயர் எழுதுவதில் நடக்கிறது. ஒரே தெருவில் மூன்று லட்சுமி, இரண்டு செல்வி. குழாயைக் கையில் கொடுக்கும் முன்பே, எண் அச்சிட்ட ஸ்டிக்கரைக் குழாயிலும் படிவத்திலும் அவரிடம் தரும் சீட்டிலும் ஒட்டிவிட வேண்டும். எத்தனை நாள், எந்த வெப்பநிலை தாங்கும் என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும். மே மாதத்து வேலூரில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் நாள் முழுக்கக் கிடக்கும் குழாயை மனத்தில் வைத்து கொள்முதல் விதிகளை எழுத வேண்டும்.

காசநோய்த் திட்டத்துக்காக வாங்கிய ட்ரூநாட், ஜீன்எக்ஸ்பர்ட் கருவிகள் இரண்டிலும் எச்.பி.வி. சோதனை செய்ய முடியும். காசநோய்ச் சோதனைக்குப் பங்கம் வராமல், பிற்பகலில் கருவி சும்மா இருக்கும் நேரத்தை ஒதுக்கலாம். முதல் செலவு கருவி அல்ல, கிட். ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் மொத்தக் கொள்முதல் செய்தால் விலை இறங்கும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கு இது புதிய வித்தை அல்ல.

சுமை எவ்வளவு என்று பார்த்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. 30,000 மக்களுக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். அதில் 30 முதல் 49 வயதுப் பெண்கள் தோராயமாக 4,000 பேர். ஐந்தாண்டில் அனைவரையும் ஒரு சுற்று பார்க்க ஆண்டுக்கு 800 பேர். உஸ்மானாபாத்தின் எச்.பி.வி. சோதனையைப் போல நூற்றுக்குப் பத்து பாசிட்டிவ் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 80. மாதத்துக்கு ஆறேழு பேர். இந்த ஆறேழு பேரைப் பெயர் சொல்லி அழைத்து, பார்த்து, சிகிச்சை முடித்து, ஓராண்டு கழித்து மறுபடி அழைப்பதுதான் மொத்தத் திட்டமும்.

அந்தச் சிகிச்சையை அருகிலேயே கொடுக்க வேண்டும் என்பது மூன்றாவது கோரிக்கை. கிரையோ சிகிச்சைக்கு வாயு சிலிண்டர் வேண்டும். மூன்று நிமிடம் உறையவைத்து, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி மூன்று நிமிடம். சிலிண்டரில் அழுத்தம் குறைந்தால் உறைவு ஆழமாக இறங்காது. தீர்ந்தால் நிரப்பி வருவதற்குள் பெண் திரும்பிப் போயிருப்பார். திட்டை வெப்பத்தால் அழிக்கும் தெர்மல் அப்லேஷன் கருவிக்கு வாயுவே தேவையில்லை. கையில் பிடிக்கும் அளவு, பேட்டரியில் ஓடும் வகையும் கிடைக்கிறது. குறைந்தது 100 டிகிரி வெப்பத்தில் 20 முதல் 30 நொடி. திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கால்வாய்க்குள் போயிருக்கக் கூடாது, கருவியின் முனைக்குள் அடங்க வேண்டும், புற்று என்ற சந்தேகம் துளியும் இருக்கக் கூடாது, கர்ப்பம் இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் மின்கம்பி வளையத்தால் திட்டை வெட்டியெடுக்கும் லீப் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் இதைச் செய்யலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. திண்டுக்கல் செவிலியர்கள் இருபது ஆண்டுக்கு முன்பே கிரையோ கொடுத்துக் காட்டினார்கள். தேவை, செவிலியரைப் பாதுகாக்கும் தெளிவான அரசாணை. எழுத்தில் அனுமதி இல்லாமல் யாரும் கருவியைத் தொட மாட்டார்கள். தொடாததில் தவறும் இல்லை. வட்டாரத்துக்கு ஒரு கருவி, பதினைந்து நாளுக்கு ஒரு சிகிச்சை நாள், பழுதானால் மாற்ற மாவட்டத்தில் ஒன்று உபரி.

சிகிச்சைக்குப் பின் என்ன நடக்கும் என்பதைச் சொல்லாமல் அனுப்புவது பெருங்கேடு. சில வாரங்களுக்கு நீர்போல வெள்ளைப்படும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் "சுட்டுப்போட்டதுல இப்படி ஆயிடுச்சு" என்று ஊரெல்லாம் பரவும். அடுத்த மாதம் யாரும் வரமாட்டார்கள். நான்கு வாரம் தாம்பத்திய உறவு கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் ஆணுறை கட்டாயம். இதைப் பெண்ணிடம் மட்டும் சொன்னால் வீட்டில் நிறைவேற்றும் வழி அவரிடம் இருக்காது. அவர் விரும்பினால் கணவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளை, தீட்டைவிட அதிக இரத்தப்போக்கு என்றால் உடனே வர வேண்டும். எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதைச் சீட்டில் அச்சிட வேண்டும்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்ற செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்குத் துறை இன்னும் அதிகக் கவனம் தர வேண்டும். இது உடலுறவு வழியாகப் பரவும் கிருமி. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஒரு குடும்பம் உடையும். உடலுறவு கொண்ட பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்துபோவது, பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் உடம்பே விரட்டிவிடுவது, எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாதது, பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் அல்ல என்ற நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்பவர் அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலராக இருக்கக் கூடாது. வாசலில் நின்றும் சொல்லக் கூடாது. மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்கள் அழைப்புக் கொடுக்கட்டும், குழாய் கொடுக்கட்டும். முடிவைக் கிராம சுகாதார செவிலியரோ நிலையத்துச் செவிலியரோ தனியறையில் சொல்லட்டும்.

எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. அவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. மருந்து வாங்க ஏ.ஆர்.டி. சிகிச்சை மையத்துக்குத் தவறாமல் வருபவர்கள்தான், தேடிப் போக வேண்டியதில்லை. மாதிரிக் குழாயை அங்கேயே வைத்தால் போதும்.

தடுப்பூசி வருகிறதே, இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: சிறுமிகளுக்குப் போடும் ஊசி அவர்களைக் காக்கும். ஒரே தவணை போதும் என்று உலகம் இன்று நம்புவதற்கு முக்கியச் சான்றுகளில் ஒன்று இந்தியாவில் ஒன்பது இடங்களில் நடந்த ஆய்வு. அதில் அம்பிளிக்கையும் ஒன்று. ஆனால் கிருமி தொற்றியபின் அது தங்கிப் புற்றாக மாறப் பத்து முதல் இருபது ஆண்டு ஆகும். இன்று 35 வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஊசி காலம் கடந்தது. 2022-க்கான உலகப் புற்றுநோய்க் கணக்கில் இந்தியாவில் இந்நோயால் இறந்தவர்கள் 79,906 பேர். அடுத்த இருபது ஆண்டில் இறக்கப் போகிறவர்களில் பெரும்பாலோரைப் பரிசோதனையும் சிகிச்சையும் மட்டுமே காப்பாற்ற முடியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். திண்டுக்கல் ஆய்வின் ஒப்பீட்டுக் கிராமங்களில் 92 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். பரிசோதனை தராத ஒரு பிரிவை வைத்தது சரியா என்று இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் மீது கடுமையான அறக்கேள்விகள் எழுந்தன. அன்று நாட்டின் வழக்கமான மருத்துவ வசதியில் இந்தச் சோதனை இல்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அந்த விவாதம் முடிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பெண்களால் கிடைத்த அறிவை முழுதாகப் பயன்படுத்தும் கடமை வேறு எந்த மாநிலத்தையும்விடத் தமிழ்நாட்டுக்கு அதிகம் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆகவே கேட்பது இது. ஒவ்வொரு காலாண்டும், ஒவ்வொரு மாவட்டத்துக்கும், பொதுமக்கள் பார்க்கும்படி ஐந்து எண்களை வெளியிடுங்கள். 30 முதல் 49 வயதில் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டவர்கள், பாசிட்டிவ் வந்தவர்கள், அவர்களில் 90 நாளுக்குள் அடுத்தகட்டச் சோதனை முடித்தவர்கள், சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சிகிச்சை முடித்தவர்கள், சிகிச்சை முடிந்து ஓராண்டில் மறுசோதனைக்கு வந்தவர்கள். ஒரே பெண் இரண்டு முகாமில் பரிசோதிக்கப்பட்டு இரண்டாக எண்ணப்படாமல் இருக்க, மக்கள்தொகை சுகாதாரப் பதிவேட்டின் எண்ணோடு இதைச் சேருங்கள். பெயர்கள் வேண்டாம், எண்கள் போதும். முதல் காலாண்டில் நான்காவது எண் மோசமாகத்தான் இருக்கும். அதற்காக எந்தச் செவிலியரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்காதீர்கள். அவர்கள் கேட்கும் விளக்கு, ஸ்பெகுலம், கருவி, வண்டி எது கிடைக்கவில்லை என்று கேளுங்கள்.

பயிற்சிக் கையேடு எழுதவும், மாவட்டங்களுக்குச் சென்று செவிலியர்களுடன் உட்கார்ந்து கற்பிக்கவும், பதிவேட்டின் படிவத்தை வடிவமைக்கவும் ஊதியமின்றி நேரம் ஒதுக்க எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். துறையின் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
பொது சுகாதாரத்திலும் பெண்கள் நலத்திலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள்